கொலராடோ ஆற்று மீன்களைக் காப்பாற்ற யார் பணம் தருகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், கொலராடோ ஆற்றின் மேல்படுகையில், நான்கு வகை நாட்டு மீன்களை அழிவிலிருந்து மீட்க 1988 முதல் ஓர் அரசுத் திட்டம் நடந்துவருகிறது. இதைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது "மீனுக்கா இவ்வளவு செலவு?" என்ற கேள்வி. அடுத்தது, "யார் வீட்டுப் பணம் அது?" முதல் கேள்வி கொஞ்சம் தப்பானது என்பது என் எண்ணம். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

அந்த நான்கு மீன்கள் எவை?

கொலராடோ பைக்மின்னோ, ரேசர்பேக் சக்கர், ஹம்ப்பேக் சப், போனிடெய்ல். நான்கும் கொலராடோ ஆறும் அதன் கிளைகளும் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதவை. பனி உருகும்போது சேறும் சகதியுமாகப் பாய்ந்து, கோடைக் கடைசியில் இளஞ்சூட்டுடன் இளைத்து ஓடும் ஆற்றுக்காகவே உருவானவை. ஹம்ப்பேக் சப்புக்கும் ரேசர்பேக்குக்கும் முதுகில் திமில் போல ஒரு மேடு. ரேசர்பேக் நாற்பது வருடத்துக்கு மேல்கூட வாழும்.

இவற்றில் எனக்குப் பிடித்தது பைக்மின்னோதான். "மின்னோ" என்றால் ஆங்கிலத்தில் பொடிமீன். இந்தப் பொடிமீனோ அந்தக் காலத்தில் ஆறடி நீளமும் 36 கிலோ எடையும் வரை வளர்ந்ததாகச் சொல்கிறார்கள். நம் கெண்டைக்குத் தூரத்து உறவு. முட்டையிட 300 கிலோமீட்டருக்கு மேல் நீந்திப் போய், வேலை முடிந்ததும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். குடியேறிய வெள்ளையர்கள் இதை "வெள்ளை சால்மன்" என்று பெயரிட்டுச் சாப்பிட்டார்கள். இப்போது இரண்டு, மூன்றடிக்கு வளர்ந்ததைப் பார்த்தாலே பெரிய விஷயம்.

ஏன் அழியும் நிலைக்கு வந்தன?

அணைகள், பாசன மதகுகள், வெளியிலிருந்து வந்த மீன்கள். 1956இல் போடப்பட்ட கொலராடோ ஆற்று நீர்த்தேக்கத் திட்டச் சட்டத்தின்படி கிளென் கேன்யன், ஃபிளேமிங் கார்ஜ், நவஹோ என்று அடுத்தடுத்து அணைகள் எழும்பின. ஆழமான நீர்த்தேக்கத்தின் அடியிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் ஐஸ் போல இருக்கும். அதில் முட்டை பொரிவது கஷ்டம், பொரிந்த குஞ்சும் வளராது. வெள்ளம் வந்தால் நிறையும் கரையோரப் பள்ளங்களில்தான் குஞ்சுகள் வளரும். அணை வந்ததும் வெள்ளம் போச்சு, பள்ளமும் காய்ந்தது. தப்பியவற்றைத் தின்ன, தூண்டில்காரர்களுக்காகக் கொண்டுவந்து விட்ட பாஸ், பைக், வாலை (walleye, நம் வாளை இல்லை) மீன்கள் காத்திருந்தன.

அரசே இந்த மீன்களுக்கு விஷம் வைத்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். 1962 செப்டம்பரில், ஃபிளேமிங் கார்ஜ் அணை தண்ணீர் பிடிப்பதற்குச் சற்று முன்பு, கொலராடோவின் கிளையான கிரீன் ஆற்றிலும் அதன் கிளைகளிலும் சுமார் 445 மைல் தூரத்துக்கு, அதாவது 700 கிலோமீட்டருக்கு மேல், ரோட்டனோன் என்ற தாவர நஞ்சைக் கலந்தார்கள். சில செடிகளின் வேரை நசுக்கி ஓடையில் கலந்து மீன் பிடிக்கும் பழக்கம் பல நாட்டு ஆதிகுடிகளிடம் உண்டே, அந்த வேர்ச் சரக்கேதான், ஆனால் ஆறு முழுவதற்கும். வரப்போகும் நீர்த்தேக்கத்தில் டிரவுட் மீன் வளர்த்துத் தூண்டில் சுற்றுலாவைப் பெருக்க வேண்டும், அதற்கு "உதவாத மீன்களை" முதலில் ஒழிக்க வேண்டும் என்பது கணக்கு. உதவாதவை என்று அன்று முடிவு கட்டியவற்றில் இன்று கோடிக்கணக்கில் செலவழித்துக் காப்பாற்றும் இதே மீன்களும் அடக்கம்.

நஞ்சை முறிக்கக் கீழே ஓரிடத்தில் மருந்து கலந்தார்கள். அது சரியாக வேலை செய்யவில்லை. விஷம் டைனோசர் தேசிய நினைவுப் பகுதி என்ற பாதுகாக்கப்பட்ட இடத்துக்குள்ளும் ஓடியது. எதிர்ப்பு கிளம்பவே, அப்போதைய உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் உடால், இனிமேல் இப்படிச் செய்யும் முன் அரிய உயிரினங்களுக்கு வரும் ஆபத்தை ஆராய வேண்டும் என்று உத்தரவிட்டார்.

அந்த நஞ்சையும் பொதுப்பணத்தில்தான் வாங்கினார்கள். மீட்புச் செலவைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இந்தப் பழைய பில்லையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

பிறகு எப்படி மனம் மாறியது?

மனம் மாறியதைவிட, சட்டம் மாறியது என்பதுதான் பொருத்தம். பைக்மின்னோவும் ஹம்ப்பேக் சப்பும் 1967லேயே அழியும் உயிரினப் பட்டியலில் ஏறிவிட்டன. போனிடெய்ல் 1980இலும் ரேசர்பேக் 1991இலும் சேர்ந்தன. ஆனால் 1973இல் வந்த அழியும் உயிரினங்கள் சட்டத்துக்குத்தான் பல் இருந்தது. மத்திய அரசு கட்டும், பணம் தரும், அனுமதி தரும் எந்த வேலையும் பட்டியலில் உள்ள உயிரினத்தை அழிவுக்குத் தள்ளக் கூடாது என்றது அதன் ஏழாவது பிரிவு.

அது வெறும் காகிதமில்லை என்பது 1978இல் தெரிந்தது. டென்னசி மாநிலத்தில் ஏறக்குறைய கட்டி முடித்த டெலிக்கோ அணையை, ஸ்னெயில் டார்ட்டர் என்ற விரல்நீள மீனுக்காக நிறுத்தியது உச்ச நீதிமன்றம். மறுவருடமே நாடாளுமன்றம் விலக்கு கொடுத்து அணையை முடித்துவிட்டது, அது வேறு கதை. ஆனால் நாட்டிலுள்ள எல்லா நீர்ப்பாசனக்காரர்களுக்கும் அன்று வயிற்றைக் கலக்கியது.

கொலராடோ படுகையில் நிலைமை இன்னும் மோசம். இங்கே எந்தப் புதுத் திட்டமும் ஆற்றிலிருந்து தண்ணீரை எடுக்கும். எடுத்தால் மீனுக்குக் குறையும். ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒவ்வொரு நகரக் குழாய்க்கும் வழக்கு என்று போனால் முடிவே கிடையாது. அதனால் 1988 ஜனவரியில் கொலராடோ, யூட்டா, வயோமிங் ஆளுநர்களும், உள்துறைச் செயலரும், அணை மின்சாரத்தை விற்கும் மேற்கு மண்டல மின்நிர்வாகத்தின் தலைவரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். எல்லோரும் சேர்ந்து மீனை மீட்பது, மீட்பு வேலை முன்னேறிக்கொண்டிருக்கும் காலம்வரை தண்ணீர்த் திட்டங்களுக்கு அதையே சட்ட அனுமதியாக எடுத்துக்கொள்வது என்பது பேச்சு. 1992இல் இதே பாணியில் கொலராடோவின் இன்னொரு கிளையான சான் ஹுவான் ஆற்றுக்கும் ஒரு திட்டம் வந்தது.

ஒப்பந்தத்தின் ஒரு பாதி மீன் மீட்பு என்றால், மறுபாதி தண்ணீருக்கான அனுமதிச் சீட்டு. இந்த ஏற்பாட்டின் கீழ் 2,500க்கும் மேற்பட்ட தண்ணீர்த் திட்டங்கள் வழக்கில்லாமல் சட்ட அனுமதியோடு நடக்கின்றன. "மீனுக்கா இவ்வளவு செலவு?" என்பது தப்பான கேள்வி என்று மேலே சொன்னது இதனால்தான். மீன் பெயரில் எழுதப்படும் இந்தக் காசோலையில் பாதிக்கு மேல் நகரங்களுக்கும் பண்ணைகளுக்குமான காப்பீட்டுத் தவணை.

சரி, பணம் எங்கிருந்து வருகிறது?

இரண்டு வகைப் பணம். ஒன்று, மீன்கள் தடுப்பணையைத் தாண்டி ஏற உதவும் மீன் ஏணி, மீன்பண்ணை, மீன் வாய்க்காலுக்குள் போகாமலிருக்க வலைத் தடுப்பு போன்றவற்றைக் கட்டும் மூலதனம். மற்றது, வருடா வருடம் ஆளையும் படகையும் ஓட்ட வேண்டிய நடைமுறைச் செலவு.

2000 அக்டோபரில் நிறைவேறிய ஒரு சட்டம் இரண்டையும் வகுத்தது. இரு ஆற்றுத் திட்டங்களுக்கும் சேர்த்து மூலதனம் 10 கோடி டாலர். அதில் 4.6 கோடி மத்திய அரசின் ஒதுக்கீடு, 1.7 கோடி கொலராடோ, யூட்டா, வயோமிங், நியூ மெக்சிகோ மாநிலங்களின் பங்கு, 1.7 கோடி அணை மின்சார வருவாய். மீதியை மீனுக்காக அணை இயக்கத்தை மாற்றியதில் இழந்த மின்சாரம், விட்டுக்கொடுத்த தண்ணீர் போன்றவற்றின் மதிப்பாகக் கணக்கில் வைத்தார்கள். நடைமுறைச் செலவுக்கு அணை மின்சார வருவாயிலிருந்து வருடத்துக்கு 60 லட்சம் டாலர் வரை எடுக்கலாம்: மேல்படுகைக்கு 40, சான் ஹுவானுக்கு 20. விலைவாசி ஏற ஏற இந்த உச்சவரம்பும் ஏறும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நியாயம் இருக்கிறது. எந்த அணை மீனைக் கெடுத்ததோ, அதே அணையின் மின்சாரம் மீனுக்குச் சோறு போடுகிறது.

அப்படியானால் மின்கட்டணம் கட்டுபவர் தலையில்தான் விழுகிறதா?

முழுக்க அப்படியில்லை. இந்த மின்சாரத்தை வாங்குபவை பெரும்பாலும் சிறு நகர மின்வாரியங்கள், கிராமக் கூட்டுறவுகள், பழங்குடி அரசுகள். அவர்கள் கட்டும் பணத்தில் ஒரு பகுதி, அணை கட்டிய கடனுக்காக மத்தியக் கருவூலத்துக்குப் போக வேண்டியது. மீனுக்கு எடுப்பதை அந்தக் கடனில் கட்டியதாகவே வரவு வைத்துவிடுகிறார்கள். ஆக, கருவூலத்துக்கு வந்திருக்க வேண்டிய பணம் வராமல் போகிறது. சுற்றிவளைத்துப் பார்த்தால் அதுவும் வரிப்பணம்தான். மறைமுக வரிப்பணத்துக்கு ஒரு சௌகரியம், யாருக்கும் சுருக்கென்று குத்தாது.

வறட்சி வந்து அணையில் மின்சாரமே குறைந்தால்?

அதுதான் இந்த ஏற்பாட்டின் பலவீனம். கிளென் கேன்யன் அணையின் பவல் ஏரி 2023 தொடக்கத்தில் 3,519 அடி மட்டத்துக்கு இறங்கியது. 1960களில் முதன்முதலாக நிரம்பிய காலத்துக்குப் பிறகு அதுவரை அவ்வளவு கீழே போனதே இல்லை. 3,490 அடிக்குக் கீழே போனால் மின்சாரம் எடுக்கவே முடியாது. ஏரி இறங்கினால் மின் உற்பத்தி குறையும், மின்சார வருவாய் சேரும் நிதியத்தின் கையிருப்பு கரையும். மீனுக்கு நல்ல தண்ணீர் அதிகம் தேவைப்படும் அதே வருடத்தில் மீனுக்கான பணமும் வற்றும். மழைக்காலத்தில் மட்டும் விரியும் குடை மாதிரி இல்லாமல், வெயிலில் மட்டும் விரியும் குடை மாதிரி ஓர் ஏற்பாடு. அதனால் அண்மை ஆண்டுகளில் நாடாளுமன்றம் நேர் ஒதுக்கீடு செய்து தாங்கிப்பிடிக்க வேண்டி வந்தது.

இன்னொன்று, 2000ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் காலக்கெடு உண்டு. 2013இல் நீட்டித்தார்கள், 2019இல் மறுபடியும் நீட்டித்தார்கள். நாற்பது வருடம் வாழும் மீனுக்குச் சில வருட அனுமதி.

தண்ணீர் எடுப்பவர்கள் ஒன்றுமே கொடுப்பதில்லையா?

கொடுக்கிறார்கள், ஆனால் கொஞ்சம்தான். புதிதாகத் தண்ணீர் எடுக்கும் திட்டங்கள் ஓர் ஏக்கர்-அடிக்கு இவ்வளவு என்று ஒரே ஒரு முறை கட்ட வேண்டும். 1988இல் அது 10 டாலர், பிறகு விலைவாசிக்கேற்ப ஏறியது. ஓர் ஏக்கர்-அடி என்பது 12 லட்சம் லிட்டருக்கு மேல். அதுவும் வருடத்துக்கு ஒரு முறை இல்லை, ஆயுளுக்கு ஒரு முறை. படுமலிவு என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் இந்த மலிவு இல்லாவிட்டால் பாசனச் சங்கங்கள் 1988இல் மேசைக்கே வந்திருக்காது.

பணத்தைவிட அவர்கள் கொடுத்த பெரிய பொருள் தண்ணீர். அதைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

பணமும் தண்ணீரும் என்னவாகின்றன?

பதினைந்து மைல் துண்டு என்று ஓரிடம். பீச் பழத்துக்குப் பேர்போன பாலிசேட் ஊருக்கருகே கொலராடோ ஆற்றிலிருந்து பெரிய வாய்க்கால்கள் பிரிகின்றன. அங்கிருந்து கிராண்ட் ஜங்ஷனில் கன்னிசன் ஆறு வந்து சேரும்வரை 24 கிலோமீட்டர். கோடைக் கடைசியில் வாய்க்கால் நிறைய ஓடும், ஆறு கூழாங்கல்லாகக் கிடக்கும். பைக்மின்னோவுக்கும் ரேசர்பேக்குக்கும் மிக முக்கியமான இடமும் இதுவே. மேற்கு அமெரிக்காவில் முதலில் தண்ணீர் எடுத்தவருக்கே முதல் உரிமை. மீன் பாவம், அதற்கு முன்னாலிருந்தே அங்கே இருந்தும் மனுப் போடவில்லை.

வாய்க்காலுக்குத் தேவைக்கு மேலே தண்ணீர் போவதும் அங்கே வழக்கம். கடைமடை வரை மட்டம் நிற்க வேண்டுமென்று கூடுதலாகத் திறந்துவிட்டு, மீந்ததைக் கடைசியில் வடியவிடுவார்கள். நம் டெல்டாவில் பாசனம் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. திட்டப் பணத்தில் வாய்க்காலுக்குள் தானியங்கி மதகுகள் போட்டு மட்டத்தைப் பிடித்துவைத்தார்கள். விவசாயிக்கு ஒரு சொட்டும் குறையாமல் ஆற்றிலிருந்து எடுப்பது குறைந்தது. கிரீன் மவுண்டன் நீர்த்தேக்கத்தில் பழைய பாசனதாரர்களுக்கென்று 66,000 ஏக்கர்-அடி, அதாவது ஏறக்குறைய 2.9 டிஎம்சி ஒதுக்கீடு உண்டு. அதில் மிச்சமாவதைக் கோடைக் கடைசியில் ஆற்றில் விடுகிறார்கள். இது போக, ராக்கி மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தண்ணீர் எடுப்பவர்கள் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டு வருடத்துக்கு 10,825 ஏக்கர்-அடி தர ஒப்புக்கொண்டார்கள். அரை டிஎம்சிக்கும் குறைவு. மேட்டூரின் 93 டிஎம்சியோடு ஒப்பிட்டால் ஒரு குட்டைதான். ஆனால் ஆகஸ்டில் இளைத்த ஆற்றுக்கு அது போதும், குழிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும்.

அப்புறம் கட்டுமானம். கன்னிசன் ஆற்றின் ரெட்லண்ட்ஸ் தடுப்பணையில் 1996இல் மீன் ஏணி வைத்தார்கள். ஏறி வரும் மீன்கள் மேலே ஒரு தொட்டியில் நிற்கும். ஊழியர்கள் கையாலேயே பிரித்து, நாட்டு மீனை மேலே விடுகிறார்கள், அந்நிய மீனை எடுத்துவிடுகிறார்கள். சுங்கச்சாவடி மாதிரி. கொலராடோ ஆற்றில் பயனற்றுக் கிடந்த பிரைஸ்-ஸ்டப் அணையில் மீன்கள் ஏறிப் போக 2008இல் பாறைச் சரிவு போட்டுக் கொடுத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை ஃபிளேமிங் கார்ஜில் நடப்பது. முன்பெல்லாம் பக்கத்து யாம்பா ஆற்றின் வெள்ளம் உச்சிக்கு வரும் நாளைப் பார்த்து அணையைத் திறப்பார்கள். ஆனால் ரேசர்பேக் குஞ்சுகள் பொரிந்து மிதந்து வருவதோ அதற்குச் சில நாள் கழித்து. வெள்ளம் பள்ளங்களை நிறைத்து வடிந்த பிறகு குஞ்சு வந்தால் என்ன பிரயோஜனம்? 2012 முதல் முறையை மாற்றினார்கள். ஆற்றில் வலை வைத்து, முதல் குஞ்சுகள் கண்ணில் பட்டதும் தகவல் போகும், அணை திறக்கும். கண்ணாடித் துகள் போன்ற குஞ்சு அவ்வளவு பெரிய அணைக்கு உத்தரவு போடுகிறது. யூட்டாவின் ஸ்டூவர்ட் லேக் பள்ளத்தில் அந்தக் குஞ்சுகள் வளர்ந்து ஆற்றுக்குத் திரும்புவதைப் பார்த்துவிட்டார்கள். அணையில் இதற்குப் புதுக் கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை, நாள் பார்த்துத் திறந்தார்கள்.

அந்நிய மீன்களை ஒழிக்க முடியுமா?

முழுக்க முடியாது. படகில் மின்சாரம் பாய்ச்சி, மயங்கி மிதக்கும் பாஸையும் பைக்கையும் அள்ளுகிறார்கள், அடுத்த வருடம் அவை மறுபடி இருக்கும். எல்க்ஹெட் நீர்த்தேக்கத்தின் கலிங்கில் அவை தப்பாமலிருக்க 2016இல் வலை கட்டினார்கள். அங்கே பாஸ் பிடிப்பதற்குப் பரிசுப் போட்டியும் நடத்துகிறார்கள். 2015இல் யூட்டாவின் ரெட் ஃபிளீட் நீர்த்தேக்கத்தில் வாலை மீனைக் கொல்ல ரோட்டனோன் கலந்தார்கள். ஆமாம், 1962இல் வைத்த அதே நஞ்சு, இந்த முறை மறுபக்கத்துக்காக. பவல் ஏரி இறங்கியதில் மேல்மட்டத்து வெதுவெதுப்பான தண்ணீரோடு சின்னவாய் பாஸும் அணையைத் தாண்டி, 2022இல் கீழே குஞ்சு பொரித்திருப்பது தெரியவந்தது. ஹம்ப்பேக் சப் அதிகமாக வாழும் கிராண்ட் கேன்யன் அதற்குக் கீழேதான்.

பழங்குடியினருக்கு இதில் பங்கு உண்டா?

சான் ஹுவான் திட்டத்தில் நவஹோ, ஹிகாரியா அப்பாச்சி, தெற்கு யூட், யூட் மலைப் பழங்குடி அரசுகள் பங்காளிகள். அவர்களுக்குச் சட்டப்படி சேர வேண்டிய தண்ணீரை எடுக்கவும் இதே மீன் அனுமதி தேவைப்பட்டது. சான் ஹுவானில் உள்ள மீன் ஏணி ஒன்றை நவஹோ நாட்டின் மீன்வளத் துறையே நடத்துகிறது.

இத்தனைக்கும் பிறகு மீன் மீண்டதா?

நான்கில் ஒன்று மட்டும் ஒரு படி ஏறியிருக்கிறது. ஹம்ப்பேக் சப்பை 2021 அக்டோபரில் "அழியும் அபாயம்" என்ற நிலையிலிருந்து "அச்சுறுத்தலுக்குள்ளானது" என்ற நிலைக்கு மாற்றினார்கள். ரேசர்பேக்குக்கும் அதே வருடம் அப்படியொரு முன்மொழிவு வந்தது. ஆனால் ஆற்றில் இன்றுள்ள ரேசர்பேக்குகளில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்து, உடலில் அரிசி அளவு அடையாளச் சில்லு வைத்து விடப்பட்டவை. போனிடெய்லுக்குத் தானாகப் பெருகும் கூட்டம் எங்குமே இல்லை, பண்ணையை மூடினால் கதை முடிந்தது. பைக்மின்னோ கிரீன் ஆற்றில் குறைந்துகொண்டு போகிறது.

மொத்தத் தோல்வி என்று சொல்ல மாட்டேன். வெற்றி என்று விளம்பரப்படுத்துபவர்கள் தண்ணீர்த் திட்டங்களின் எண்ணிக்கையைச் சொல்கிறார்கள், மீனின் எண்ணிக்கையைக் கேட்டால் குரல் இறங்குகிறது. ஒப்பந்தத்தின் ஒரு பாதி நன்றாக நிறைவேறிவிட்டது, மறுபாதி பாக்கி இருக்கிறது.

நிதியை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?

பண்ணைகளும் படகுகளும் முதலில் நிற்கும். பிறகு அனுமதிச் சீட்டு ஆட்டம் காணும். அந்த 2,500 திட்டங்களும் மீட்பு வேலை நடக்கிறது என்ற நம்பிக்கையில் ஓடுபவை. அது இல்லையென்றால் ஒவ்வொன்றாக மறு ஆய்வு, வழக்கு. அதனால்தான் வேறு எதிலும் ஒத்துப்போகாத இரு கட்சி உறுப்பினர்களும் இந்த மசோதாவுக்கு மட்டும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள்.

பைக்மின்னோவைப் பிடித்தால் காசு கொடுப்பதாகக் கேள்விப்பட்டேனே?

அது வேறு பைக்மின்னோ. வடக்கே கொலம்பியா ஆற்றில் இதன் நெருங்கிய உறவான வடக்குப் பைக்மின்னோ இருக்கிறது. அணைகளுக்கிடையே சால்மன் குஞ்சுகளை அது அள்ளித் தின்பதால், பெரிதாகப் பிடித்துத் தருவோருக்கு மீனுக்கு இவ்வளவு என்று அரசு பரிசு தருகிறது. பணம் அங்கேயும் அணை மின்சாரத்தில் இருந்துதான். அதுவும் அந்த ஆற்றின் சொந்த மீன்தான். அண்ணனைக் காப்பாற்ற ஓர் அணை, தம்பியைப் பிடித்துத் தர ஓர் அணை.

கொலராடோவில் தூண்டில் போடும்போது இந்த மீன் மாட்டினால்?

நான்கு வகையில் எது மாட்டினாலும் உடனே உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும், வைத்துக்கொள்வது குற்றம். பாஸோ பைக்கோ மாட்டினால் கொலராடோவின் மேற்கு ஆறுகளில் எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது, எத்தனை வேண்டுமானாலும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். வாலை மீன் வறுவலுக்கு நன்றாக இருக்கும் என்கிறார்கள்.